வானில் வழியுரிமை உண்டா?

தூரம் என்பது பூகோள சாத்திரத்தின் விஷயம் என்றே பாடசாலையில் கற்றோம். அது பெரிதும் சட்டத்தின் விஷயம் என்பதைப் பின்லாந்து மக்களைக் கேட்டால் அறியலாம்.

பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நேர்வழித் தூரம் ஏறக்குறைய 7,800 கிலோமீற்றர். ருஷ்யாவின் மேலாக ஒன்பதரை மணித்தியாலத்தில் விமானம் சென்றடைந்தது. 2022 பெப்ரவரி 24இல் ருஷ்யா உக்ரேன்மீது படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ருஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடிற்று. 28இல் ருஷ்யா 36 நாடுகளுக்குத் தன் வானை மூடிற்று. அதன்பின் பின்லாந்து விமானம் வட துருவத்தைச் சுற்றி, ஏறக்குறைய 13,000 கிலோமீற்றர் பறக்க நேர்ந்தது. பயணம் பதின்மூன்று மணித்தியாலமாயிற்று. 1983இல், சோவியத் வானைத் தவிர்த்து அதே நாட்டு விமானம் முதன்முதலாக இடைநில்லாது டோக்கியோ சென்றபோதும் ஏறக்குறைய அவ்வளவு நேரமே பிடித்தது!

ஆக்கிரமிப்பாளனுக்குக் கதவடைத்தது நியாயமே. அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அறுபது இலட்சம் மக்களும் இல்லாத பின்லாந்து, கிழக்காசியாவுக்குக் குறுக்குவழி தன்னூடாகவே என்று சொல்லியே தன் விமானத் தொழிலை வளர்த்த நாடு. அந்த மூலதனம் ஓரிரவில் கரைந்தது.

எமது கமக்காரர் இதனை எளிதில் உணர்வர். நாற்புறமும் பிறர் காணியால் அடைபட்ட வயலுக்கு, இந்நாட்டின் உரோம டச்சுச் சட்டம் அவசிய வழியுரிமை வழங்குகிறது. அயலவன் கோபங்கொண்டு வேலியடைத்தால் நீதிமன்றம் ஏறலாம். இழப்பீடு செலுத்தியேனும் தெருவுக்கு ஒரு பாதை பெறலாம்.

வானில் அத்தகைய உரிமை யாது? 1944ஆம் ஆண்டின் சிக்காகோ சமவாயம், தன் நிலத்தின் மேலுள்ள வானில் ஒவ்வோர் அரசுக்கும் முழுமையான, தனித்த இறைமை உண்டென்கிறது. அதே மாநாட்டில் பிறந்த வான்கடப்பு உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளின் விமானங்கள் ஒன்றன் வானை மற்றொன்று கடந்து செல்ல இடமளிக்கிறது. ஆயின் சோவியத் ஒன்றியம் அதிற் சேரவில்லை, ருஷ்யாவும் சேரவில்லை. கனடா, சீனா, பிரேசில் போன்ற பெருநிலங்களும் அதற்கு வெளியேதான். ஆகவே சைபீரிய வான் உரிமையாக அன்றி, தயவாகவே திறந்திருந்தது. அத்தயவுக்கு ஐரோப்பியக் கம்பனிகள் ருஷ்யாவின் ஏரோபுளொட் நிறுவனத்துக்குப் பணமும் கட்டின. இன்றும் சீன விமானங்கள் அவ்வானூடாகவே ஐரோப்பா செல்கின்றன.

வழக்காடலாமே என்பீர்கள். 2017 யூனில் நான்கு அரபு அரசுகள் கட்டாருக்குத் தம் வானை மூடின. அப்பிணக்கை விசாரிக்கும் அதிகாரம் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் சபைக்கு உண்டு என்று சர்வதேச நீதிமன்றம் கூறவே 2020 யூலை ஆயிற்று. பிணக்கோ 2021 ஜனவரியில் இராசதந்திரத்தால் தீர்ந்தது.

போர் நடக்கும் வானை எவரும் மூடலாம், மூடவும் வேண்டும். போரில்லாத சைபீரியாவை மூடுவதும் திறப்பதும் ஓர் அரசின் விருப்பாயிருத்தல் முறையன்று. வான்கடப்பு உடன்படிக்கைக்கு வெளியே நிற்கும் பெருநாடுகளை அதனுள் கொண்டுவரும் முயற்சியை, அந்நிறுவனம் மூன்றாண்டுக்கொருமுறை கூடும் தன் பேரவையில் முதல் விடயமாக எடுத்தல் வேண்டும்.