பேசுகிறவனும் செத்தவனும்

காரைக்குடியில் இலக்கிய நண்பர்கள் கூடினால் பேச்சு எப்படியும் ஏவி. மெய்யப்பச் செட்டியாரில் வந்து நிற்கும். ஊர்ப் பாசம். பாசம் தலைக்கேறியதும் ‘அந்த நாள்’ (1954) வெளியே எடுக்கப்படும். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. ‘பராசக்தி’ (1952) என்றாலோ உதட்டைப் பிதுக்குவார்கள். அடுக்குமொழி, பிரசாரம், மேடை நாடகம். பெருமாள் முதலியாரோடு சேர்ந்து செட்டியார் அதிலும் பங்காளி என்பது மட்டும் சௌகரியமாக மறந்துபோகும். ஒன்று கலை, மற்றது கூச்சல், தீர்ப்பு முடிந்தது.

எனக்கு இதில் சம்மதமில்லை. ஒரு படத்தில் இல்லாதவற்றை எண்ணிக் காட்டுவது விமர்சனம் ஆகாது. பத்தியச் சாப்பாட்டிலும்தான் எத்தனையோ இல்லை.

இரண்டிலும் கதாநாயகன் சிவாஜி கணேசன். இரண்டிலும் பண்டரிபாய். இரண்டும் இரண்டாம் யுத்தம் துரத்தும் கதைகள். இரண்டும் வசனத்தை நம்பி நிற்பவை. இதைத்தான் நம்மவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. ‘அந்த நாளி’ல் ஐந்து பேர் மாறி மாறிப் பேசித் தீர்க்கிறார்கள். ஆகவே பேச்சு கூடுதலா குறைவா என்பதல்ல கேள்வி. பேசுகிறவனைப் படம் நம்புகிறதா என்பதுதான்.

‘பராசக்தி’ முழுசாக நம்புகிறது. ரங்கூனிலிருந்து வந்திறங்கும் குணசேகரன் பணத்தைப் பறிகொடுக்கிறான், பைத்தியமாக நடிக்கிறான், பூசாரியைத் தாக்கிவிட்டுக் கூண்டில் ஏறுகிறான். ஏறிய கணமே குற்றவாளி வக்கீலாகி, வக்கீல் நீதிபதியாகிவிடுகிறான். கருணாநிதியின் வசனத்தில் உள்ள அந்தக் கோபத்தை இன்று கேட்டாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. சொல்ல வெட்கமில்லை. ஆனால் கூண்டில் நிற்பவன் பொய்யும் சொல்லக்கூடும் என்ற சந்தேகத்துக்கு அங்கே இடமே கிடையாது. (தனிப்பட்ட புகார் ஒன்று: ரங்கூன் அதில் ஒரு கப்பல் டிக்கெட்டாகச் சுருங்கிவிடுகிறது. பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டு, அங்கே விட்டுவந்த வயல்களுக்குக் கணக்குச் சொல்லியே காலம் கழித்த கிழவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது போதவில்லை.)

‘அந்த நாள்’ தொடங்கும்போதே ராஜன் செத்துக் கிடக்கிறான். 1943 அக்டோபரில் ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டிய நேரம். மனைவி, தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, அண்டை வீட்டுக்காரர். அவரவர் சொல்லும் ராஜன்தான் ராஜன். ‘ராஷோமானி’ன் வாரிசு என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. குரோசாவாவிடம் செத்த ஸாமுராய்கூட ஆவியாக ஒரு பெண்ணின் வாயில் வந்து சாட்சி சொல்கிறான். எஸ். பாலசந்தர் அந்தச் சலுகையையும் தரவில்லை. இரண்டு வருஷம் முன்பு சமூகத்தையே குறுக்கு விசாரணை செய்த அதே வாய், இங்கே தன் தரப்பைச் சொல்ல வழியில்லாமல் கிடக்கிறது. பாலசந்தர் நீக்கியது பாட்டை அல்ல, கதாநாயகனின் வாக்குமூலத்தை.

சிவாஜி இதில் ‘அடக்கி’ நடித்தார் என்பதும் அரைகுறைப் பேச்சு. ராஜனும் பிரசங்கம் செய்கிறான். ஆனால் அது இன்னொருவர் ஞாபகத்திலிருந்து நம்மிடம் வருகிற பிரசங்கம். நடிகரை அடக்கியது டைரக்டரின் அதட்டல் அல்ல. ஜாவர் சீதாராமனின் திரைக்கதை.

கடைசியில் படமே பயந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மலிவு ரேடியோ செய்யக் கனவு கண்டு, சர்க்கார் கைவிட்டதில் கசந்து, எதிரிக்கு விலைபோன ஒருவன். அந்தக் கசப்புக்குள் இறங்காமல் தேசபக்தி வந்து கதவைச் சாத்துகிறது. உஷா பேசியதும் சந்தேகமெல்லாம் தீர்ந்துவிடுகிறது. அதாவது கூண்டு திரும்பி வந்துவிட்டது.

போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். கோர்ட் காட்சியில் அலுத்துக்கொண்டே இருந்த கவிஞர், ‘அந்த நாள்’ முடிந்ததும் அதற்கு வக்காலத்து வாங்க எழுந்தார். வலது கையை நீட்டி, குரலை ஏற்றி இறக்கி, அரைமணி நேரம். குறுக்கே ஒரு கேள்வி கேட்க எங்கள் யாருக்கும் இடம் தரவில்லை.