பூட்டிய வாயிலும் ஏரிக்கரையும்

பிள்ளைகளை வெளியே அழைத்துச் செல்வதும் இன்று நம் குடும்பங்களில் ஒரு பெரும்பணி ஆகிவிட்டது. நாள் குறிக்கிறோம், கைப்பேசியில் முன்பதிவு செய்கிறோம், செலவைக் கணக்கிட்டு இரண்டு மாதம் காத்திருக்கிறோம். இதனைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், நினைத்தவுடன் பிள்ளைகளின் கையைப் பற்றிக்கொண்டு புறப்படும் பழைய வழக்கம் நம் வீடுகளிலிருந்து அற்றுப்போகலாகாது என்பது நம் உறுதியான கருத்து. இக்கருத்துக்கு நம்மை இட்டுச் சென்றது, வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டிய நம் தவறு ஒன்றே.

குரோம்பேட்டையில் நம் இல்லம். ஏழு வயதில் மகளும் நான்கு வயதில் மகனும் உள்ளனர். பள்ளி ஆண்டுவிழாவின் மறுநாள் அவர்களுக்கு விடுமுறை. நமக்கும் அன்று வகுப்பில்லை. காலை ஒன்பது மணிக்கு, செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "வண்டலூருக்குப் போவோமா?" என்றோம். அடுத்த அரைமணி நேரத்தில் வீடு கொண்ட கோலத்தைச் சொல்லி முடியாது.

இங்கே ஓர் உண்மையை ஆடவராகிய நாம் மறைத்தல் தகாது. "புறப்படுவோம்" என்ற ஒரு சொல்லோடு நம் கடமை முடிந்தது. மீந்த இட்டிலிக்கு மிளகாய்ப்பொடி தடவியதும், தயிர்ச்சோறு பிசைந்து கட்டியதும், தண்ணீர், துவாலை, மகனுக்கு மாற்றுடை என்று பை நிரப்பியதும் துணைவியார். திட்டமிடாப் பயணம் என்று நாம் பெருமை பேசுவதெல்லாம், வேறொருவர் இருபது நிமிடத்தில் திட்டமிட்டு முடிப்பதால்தான். பையையாவது நாம் சுமந்தோம் என்பது சிறிய ஆறுதல்.

மின்சார இரயில் ஏறினோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய தடம் இது. நம் இளமையில் பயணம் செய்த மீட்டர் கேஜ் வண்டிகள் 2004-இல் விடைபெற்றன. பிள்ளைகளுக்கு இவ்வரலாறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சன்னலும் காற்றும் எதிர்வரும் வண்டியின் இரைச்சலுமே போதுமாயிருந்தன. தாம்பரம் தாண்டிப் பெருங்களத்தூர், அடுத்தது வண்டலூர்.

அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைப் பற்றி வழியெல்லாம் விரிவுரை நிகழ்த்தினோம். 1855-இல் சென்னை நகருக்குள் தொடங்கியது. 1985-இல் வண்டலூரில் திறக்கப்பட்டது. 602 எக்டேர் பரப்புடையது. இவ்வளவும் அறிந்த நமக்கு, அப்பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பது மட்டும் தெரியாமற்போயிற்று. அன்று செவ்வாய்க்கிழமை. பூட்டிய வாயிலின் முன் நின்ற நம்மை மகள் ஏறிட்டு நோக்கிய நோக்கு, எந்தத் தேர்விலும் நாம் பெறாத தோல்வி மதிப்பெண்.

மகன் அழவில்லை. சாலையோரத்தில் கிடந்த செந்நிறக் கல் ஒன்றைப் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அழுக்கு, எறி" என்று சொல்ல வாய் எடுத்தோம். அப்போது பல்லாவரம் நினைவுக்கு வந்தது. 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள், நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூசு பூட்டு, பல்லாவரத்தில் கிடந்த கல் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தார். அது பழங்கற்கால மனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். இந்தியப் பழங்கற்கால ஆய்வுக்கு அக்கல்லே தொடக்கமாயிற்று. நம் மகன் எடுத்தது வெறுங்கல்லே என்பதில் ஐயமில்லை. எனினும், குனிந்து பார்க்கும் பழக்கத்தை நான்கு வயதிலேயே தடுத்துவிட்டு, இருபது வயதில் ஆய்வு மனப்பான்மை இல்லையே என்று ஆசிரியர்களாகிய நாம் வருந்துவதில் பொருளில்லை.

திரும்பும் வண்டியில் துணைவியார்தாம் வழி சொன்னார். தாம்பரம் சானடோரியத்தில் இறங்கிச் சிட்லப்பாக்கம் ஏரிக்குச் சென்றோம். ஆண்டுக்கணக்கில் அருகிலேயே வாழ்ந்தும், பேருந்திலிருந்து பார்த்ததன்றி அக்கரையில் நாம் கால் வைத்ததில்லை. நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது. "அது ஏன் துணி காயப்போடுகிறது?" என்று மகன் கேட்டான். தயிர்ச்சோற்றை மரநிழலில் உண்டோம்.

கரையை ஒட்டிய தெருவில், யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணற்குவியல். மகள் அதில் வீடு கட்டினாள். சுவர், வாயில், அடுக்களை எல்லாம் வைத்தாள். மகன் ஓடிவந்து ஒரே உதையில் சிதைத்தான். அவள் கெஞ்சினாள், மீண்டும் கட்டினாள், அவன் மீண்டும் சிதைத்தான். பிள்ளைத்தமிழில் சிற்றிற் பருவத்தைப் பல்லாண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். சிறுமியர் மணலில் கட்டிய சிறுவீட்டைச் சிதைக்க வேண்டா என்று ஆண்பிள்ளையை வேண்டுவது அப்பருவம் என்று குறிப்பெழுதச் சொல்லி மதிப்பெண்ணும் இட்டிருக்கிறோம். இசுலாமியப் புலவர்களும் நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடியுள்ளனர் என்று மேடைகளில் எடுத்துரைத்தும் இருக்கிறோம். ஆனால் அப்பருவத்தைக் கண்ணால் கண்டது அன்றுதான். மணலும் இன்னொரு பிள்ளையும் இருந்தால் போதும் என்று அறிந்தே அப்புலவர்கள் பாடியிருக்க வேண்டும்.

ஓர் இடர் நேர்ந்தது. மகளுக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. கண்ணுக்கெட்டிய தொலைவில் ஒன்றையும் காணோம். அத்தெருவில் வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், கேளாமலே நிலைமையை உணர்ந்து, "உள்ளே கூட்டிட்டு வாம்மா" என்று துணைவியாரை அழைத்தார். முன்பின் அறியாத குடும்பத்துக்கு வீட்டைத் திறந்துவிட்ட அந்த அம்மையாருக்கு நன்றி. ஆனால் ஒரு நகரம் மூதாட்டிகளின் இரக்கத்தை நம்பியே நடக்கலாமா? பெண்களும் குழந்தைகளும் நினைத்தவுடன் புறப்பட இயலாமற்போவதற்குப் பணமின்மையைவிடப் பெரிய காரணம் இதுவே என்போம். கார் வைத்திருப்பவர் உணவகத்துக்கு விரைவார். இரயிலில் வந்தவர் என் செய்வார்?

பல்லாவரம், தாம்பரம் உள்ளிட்ட ஐந்து நகராட்சிகளும் சிட்லப்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று இப்பகுதியின் ஊர்ப்பெயர்களோடெல்லாம் ஓர் ஏரியும் சேர்ந்தே வருகிறது. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சிட்லப்பாக்கத்து மக்களே ஏரியில் இறங்கிக் குப்பை அள்ளியிராவிடில், அந்த நீர்க்காகத்தை நம் மகன் கண்டிருப்பானோ என்னவோ. ஏரிகளை வெள்ளம் வரும்போது மட்டும் நினைக்கிறோம். ஒவ்வோர் ஏரிக்கரையிலும் நிழல்தரும் மரங்கள், குடிநீர், தூய கழிப்பறை ஆகிய மூன்றும் அமையுமாயின், எளிய குடும்பங்களுக்கு அதனினும் சிறந்த கேளிக்கைப் பூங்கா வேண்டுவதில்லை. செயற்கை நீரூற்றும் வண்ண விளக்கும் பிறகு வரட்டும்.

படிக்க வேண்டிய பிள்ளைகளின் ஒரு நாள் வீணாயிற்றே என்று நம் உறவினருள் மூத்தவர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். அவருக்கு விடை கூற நாம் முயலவில்லை. மகள் அன்றிரவு தன் குறிப்பேட்டில், யாரும் சொல்லாமலே, சிறகை விரித்த கரும்பறவை ஒன்றை வரைந்து வைத்திருந்தாள். செந்நிறக் கல் மகனின் தலையணைக்கடியில் இருந்தது. விளக்கை அணைக்கச் சென்றபோது அவன் கேட்டான்: "அத்தா, நாளைக்கும் செவ்வாய்க்கிழமையா?"