கரியை இளப்பமாக நினைக்காதீர்கள்!

"முகத்தில் கரியைப் பூசிவிட்டான்" என்று மானக்கேட்டுக்குக் கரியைத்தானே நாம் இழுக்கிறோம்? பாவம், அந்தக் கரி நமக்குச் செய்யும் உபகாரத்தை அறிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. சென்ற மாதம் என் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள், சகோதரிகளே!

ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், சமையலறையில் மாட்டியிருக்கும் வடிகட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார். உடனே முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, தண்ணி பாசி வாடை அடிக்குதே!"

"மெஷின் தண்ணீர், அத்தை! அதில் வாடை ஏது?" என்று சிரித்தேன்.

மறுநாள் மெக்கானிக் வந்து, உள்ளேயிருந்த கரிக் குழலைக் கழற்றிக் காட்டினார். தொட்டால் வழவழவென்று கையில் ஒட்டியது. "இதை மாற்றி எத்தனை நாள் ஆகிறதம்மா?" என்றார். மூன்று வருஷம்! என் முகத்தில் அசடு வழிந்தது. குழந்தைகளுக்கும் அந்தத் தண்ணீரைத்தானே கொடுத்து வந்தேன்!

அந்தக் குழலுக்குள் இருப்பது பெரும்பாலும் நாம் குப்பையில் போடும் கொட்டாங்கச்சிதான். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இந்தத் தொழில் உண்டு. கொட்டாங்கச்சியைக் காற்று அதிகம் படாமல் சுட்டுக் கரியாக்குகிறார்கள். பிறகு 800 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நீராவியைச் செலுத்துகிறார்கள். ஆவி கரியை அரித்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளைக் குடைந்துவிடுகிறது. 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்பது இதுதான்.

ஒரு கிராம் எவ்வளவு என்று தங்கம் வாங்கும் நமக்குத் தெரியாதா? அந்த ஒரு கிராம் கரியின் துளைச் சுவர்களை எல்லாம் விரித்துப் போட்டால், சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் நாலு கிரவுண்டுக்கு மேல்! எண்ணெய்ப் பிசுக்கேறிய சுவரில் தூசி ஒட்டிக்கொள்வதுபோல, தண்ணீரிலுள்ள வாடையும் நிறமும் பல ரசாயனங்களும் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. குளோரின் நெடியும் போய்விடுகிறது.

கரி நிறத்தை நீக்கும் என்பதை 1785-இல் ருஷ்யாவில் லோவிட்ஸ் என்ற ரசாயன நிபுணர் கண்டார். 1915-இல், முதல் உலக யுத்தத்தில் விஷவாயு வீசப்பட்டபோது, ஜெலின்ஸ்கி என்ற ருஷ்ய விஞ்ஞானி கரியை வைத்து முகமூடி செய்தார். விஷக்காற்று கரியில் தங்கிவிட, சிப்பாயின் மூக்குக்கு நல்ல காற்று போயிற்று. இன்று வீட்டுக் காற்றைச் சுத்தப்படுத்தும் பல இயந்திரங்களிலும் துர்நாற்றத்தைப் பிடிப்பது இதே கரிதான்.

ஆனால் கரியால் எல்லாம் ஆகிவிடாது. உப்புத் தண்ணீரை அது இனிப்பாக்காது. தர்மபுரிப் பக்கத்துக் கிணறுகளில் பல்லைக் கறையாக்கும் ஃப்ளோரைடு இருக்கிறதே, அதற்கும் சாதாரணக் கரி போதாது. கிருமியைக் கொல்லும் சக்தியும் அதற்கு இல்லை. கிருமியைத் தடுத்துவந்த குளோரினையும் அது நீக்கிவிடுவதால், ஈரக் கரியிலேயே கிருமிகள் குடியேறலாம். துளைகள் நிரம்பிவிட்டால் வாடையையும் பிடிக்காது. என் வீட்டில் நடந்தது இதுதான்.

ஆகையால் சில காரியங்களை மறக்காதீர்கள். தயாரிப்பாளர் குறித்த கெடுவுக்குள் கரிக் குழலை மாற்றிவிடுங்கள். பெரும்பாலும் அது ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை இருக்கும். கெடுவுக்கு முன்பே வாடை வந்தால் காத்திருக்க வேண்டாம். ஊருக்குப் போய்த் திரும்பினால், சில நிமிஷம் தண்ணீரை ஓடவிட்ட பிறகே பிடியுங்கள். கரி மட்டுமே உள்ள வடிகட்டியானால், கொதிக்க வைத்துக் குடிப்பதுதான் நல்லது. வடிகட்டிய தண்ணீரை நாள்கணக்கில் வைத்திருக்காதீர்கள்.

காஸ் சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் எழுதுகிறோம் அல்லவா? இப்போது என் வீட்டுக் காலண்டரில் அதற்குப் பக்கத்திலேயே, "கரி மாற்றிய தேதி" என்றும் எழுதியிருக்கிறேன். எழுதச் சொன்னவர் மாமியார்தான். மெஷின் அறியாததை அவர் மூக்கு அறிந்துவிட்டதே! இனி அவர் வாடை என்றால், நான் சிரிக்க மாட்டேன்.