மேஸ்திரியின் இடுப்பு

ஆடி பிறந்துவிட்டதா என்று காலண்டரைப் பார்க்க வேண்டாம். காலையில் வரும் பேப்பரை ஒரு உதறு உதறினால் போதும். இந்த வாரம் எங்கள் வீட்டில் உதறியபோது விழுந்தது வழவழப்பான ஒரு நோட்டீஸ். பழைய சமையலறைக்குப் புது வாழ்வாம், ஆடிச் சலுகையில் 2,49,000 ரூபாய் முதல். அந்த ‘முதல்’ எங்கே போய் நிற்கும் என்பது வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். படத்தில் எல்லாம் வெள்ளை. எண்ணெய்த் தூக்கு இல்லை, புளி ஜாடி இல்லை, கேஸ் புத்தகம் தொங்கும் ஆணி இல்லை, ஒரு கரித்துணி கூட இல்லை. நடுவில் ஓர் உயரமான பெண் ஆப்பிளைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். அந்த அறையில் யாரும் ஒரு நாளும் வத்தக்குழம்பு வைத்திருக்க மாட்டார்கள்.

எரிச்சல் வந்ததற்குக் காரணம், எங்கள் சமையலறையும் களைத்துப்போய்த்தான் இருக்கிறது. 1980களில் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு. டைல்ஸ் இடுக்கெல்லாம் மஞ்சளும் கறுப்பும். ஆனால் இதற்கு இரண்டரை லட்சம் எதற்கு? வெந்நீரில் வாஷிங் சோடாவைக் கரைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு விட்டுவிடும். எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கைகளைக் கழற்றி அதிலேயே ஊறப் போடலாம், அலுமினியமாக இருந்தால் மட்டும் வேண்டாம், கறுத்துவிடும். இடுக்கைச் சுரண்டி எபாக்ஸி பூசினால் டைல்ஸ் புதிதுபோல ஆகும். கூரைக்கு வெள்ளை டிஸ்டெம்பர் ஒரு கை. பரணில் கிடக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில்களைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டும். அலமாரிக்கு அடியில், நறுக்குகிற இடத்துக்கு நேர் மேலே ஓர் எல்இடி பட்டை. இப்போது நம் முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, நம் நிழலிலேயே நாம் வெங்காயம் நறுக்குகிறோம்.

இப்படியே ‘சிக்கனமாகச் சமையலறையைப் புதுப்பிக்க’ என்று ஒரு பத்தியை எழுதிவிடலாமென்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆப்பிள்காரியின் முழங்கை விடமாட்டேன் என்கிறது. மேடைக்கு ஒரு சாணுக்கும் மேலே ஒய்யாரமாக நிற்கிறது அது. என் முழங்கை அப்படி நிற்பதில்லை.

இங்கேதான் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னா அம்மாள் வருகிறார். 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில், எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் சாதாரண மக்களுக்கு வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகளுக்குச் சமையலறை வரைந்தவர் இவர். அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை சிறிய இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்தார். அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி, எத்தனை நொடி என்று கணக்குப் போட்டார். அரிசிக்கும் பருப்புக்கும் மூக்கு வைத்த அலுமினிய இழுப்பறைகள். ஈ அண்டாது என்று நம்பி மரவேலைக்கு நீலம். ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது அமைந்தது. இன்று நம் ஊர் ஷோரூம்களில் ஏசி போட்டு விற்கிற ‘மாடுலர் கிச்சன்’ அத்தனைக்கும் கொள்ளுப்பாட்டி அதுதான்.

எனக்கு அதில் பிடித்தது இழுப்பறை இல்லை. ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, அதன் முன்னால் சுழலும் முக்காலி. வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு காய் நறுக்கலாம். தோலையும் காம்பையும் மேசையிலேயே இருக்கும் பள்ளத்தில் தள்ளினால் கீழே உள்ள தட்டில் விழும். இதை வரைந்த காலத்தில் அந்த அம்மாளுக்குச் சமைக்கத் தெரியாது. அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டிருக்கிறார். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தவர், 103 வயதை எட்டச் சில நாட்கள் இருக்கையில் 2000இல் காலமானார். எல்லோரும் அந்தச் சமையலறையைப் பற்றியே கேட்கிறார்களே என்று கடைசிக் காலத்தில் அவருக்கு அலுப்பு. என்மேலும் கோபித்துக்கொள்ளட்டும். கேட்கத்தான் வேண்டியிருக்கிறது: அவரிடமிருந்து இழுப்பறையை எடுத்துக்கொண்டவர்கள், அலமாரியை எடுத்துக்கொண்டவர்கள், முக்காலியை ஏன் விட்டுவிட்டார்கள்?

நம் பாட்டிமார் உட்கார்ந்துதான் சமைத்தார்கள். விறகடுப்பு, குமுட்டி, அம்மி, ஆட்டுக்கல், அரிவாள்மணை எல்லாமே தரையில். அந்தப் புகையையும் மூட்டுவலியையும் போற்றிப் பாட எனக்கு ஆசையில்லை. நம்மை எழுப்பி நிறுத்தியது கேஸ். இண்டேனின் முதல் இணைப்பு 1965இல் கல்கத்தாவில். நம் ஊர்த் தெருக்களுக்கு அது வந்து சேர மேலும் பல வருஷம் ஆயிற்று. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. ஆகவே மேடை வந்தது. எவ்வளவு உயரம்? அதை முடிவு செய்தவர் மேஸ்திரி. தன் இடுப்பில் கையை வைத்துப் பார்த்து, “ரெண்டே முக்கால் அடிம்மா, எல்லார் வீட்லயும் அதான்” என்றார். போட்டாயிற்று.

கணக்கைப் பாருங்கள். இந்தியப் பெண்ணின் சராசரி உயரம் ஏறத்தாழ 152 சென்டிமீட்டர், அதாவது ஐந்தடி. என் உயரமும் அதுதான். மேடை 33 அங்குலம். அதன்மேல் கேஸ் அடுப்பு 5 அங்குலம். அதன்மேல் ஐந்து லிட்டர் குக்கர், 8 அங்குலம். பாத்திரத்தின் விளிம்பு 46 அங்குலத்தில், தோளுக்கு நாலு விரற்கடை கீழே வந்து நிற்கிறது. பொங்கலைக் கிளறக் கையைத் தோள்வரை தூக்க வேண்டும். நறுக்குவதற்கு ஓரளவு சரியான உயரம், கிளறுவதற்குக் கொடுமையான உயரம். முப்பது வருஷமாகத் தோள்பட்டைத் தைலத்துக்குச் செலவழித்த காசில் எத்தனை மேடைகளை இடித்துக் கட்டியிருக்கலாம்!

அடுப்பு வைக்கிற பகுதியை மட்டும் தாழ்த்தித் தரச் சொல்லி மேஸ்திரியிடம் கேட்டேன்.

“அசிங்கமா இருக்கும்மா. மேடைன்னா ஒரே மட்டமா இருக்கணும்.”

“யாருக்கு அசிங்கம்ண்ணே?”

“வர்றவங்க பாப்பாங்கல்ல?”

வருகிறவர்கள் வந்து கிளறுவதாக இருந்தால் யோசிக்கலாம். எங்கள் பேட்டையில் கிரில் கேட் செய்பவரிடம் போய், 27 அங்குல உயரத்தில் இரும்புச் சட்ட மேசை ஒன்று செய்து வாங்கினேன். கடப்பா பலகையோடு ஐயாயிரத்துக்குள் முடிந்தது. ஃப்ரிட்ஜ் கூடத்துக்குப் போக, அந்த இடத்துக்கு மேசை வந்தது. 14.2 கிலோ சிலிண்டர் இரண்டடிக்குச் சற்று மேல்தான் என்பதால், பக்கத்தில் நிறுத்தினாலும் பர்னர் அதைவிட உயரத்திலேயே இருக்கிறது. ஏஜென்சியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்துத்தான் இடம் மாற்றினேன். ரப்பர் குழாயின் ஆயுள் ஐந்து வருஷம் என்பதை அப்போதே பார்த்து மாற்றிக்கொண்டோம். பழைய மேடையில் ஜன்னலோரம் ஒரு முக்காலி போட்டாயிற்று.

எங்கள் வீட்டில் காலைக் காபி என் கணவரின் பொறுப்பு. ஐந்தடி ஒன்பது அங்குலம். புது மேசையில் பால் காய்ச்சிவிட்டு இடுப்பு பிடிக்கிறது என்றார். நியாயம்தான். பழைய மேடையில் அவருக்கென்று ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு வந்திருக்கிறது.

ஒரு வருத்தம். தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016இல் மத்திய அரசு உஜ்வலா என்று இணைப்புகள் கொடுத்தது. இரண்டுமே நல்ல காரியம். அடுப்போடு ஒரு மேசை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கிராமத்து வீடுகளில் அடுப்பு தரையிலும் சிலிண்டர் அதைவிட உயரமாகப் பக்கத்திலும் நிற்பதை இன்றும் பார்க்கிறேன். விதி சொல்வதற்கு நேர் தலைகீழ்.

ஆடிச் சலுகைக்குப் போகிறவர்கள் போங்கள். அதற்கு முன் வீட்டில் அதிகம் சமைப்பவரை, அவர் யாராயிருந்தாலும், செருப்பில்லாமல் நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைவரை டேப் பிடித்து அளந்துவிடுங்கள். நறுக்கும் இடம் அதற்கு நாலைந்து அங்குலம் கீழே, அடுப்பு வைக்கும் இடம் பத்து அங்குலம் கீழே. மேஸ்திரி வருமுன் சுவரில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு வைத்துவிடுங்கள். எனக்கும் ஒரு கார்டு எழுதுங்கள், இரண்டே எண்கள் போதும்: உங்கள் வீட்டு மேடையின் உயரம், அங்கே சமைப்பவரின் உயரம்.