இருக்கைகளின் எண்ணிக்கையும் ஆடுவோரின் எண்ணிக்கையும்

காலாங்கில் உலகத் தரமான பேருள்ளரங்கு ஒன்று இருந்தால் விளையாட்டு, இசை, பண்பாடு ஆகிய மூன்றின் தேவையும் சிங்கப்பூரில் நிறைவேறிவிடும் என்றும், புக்கிட் மேரா போன்ற பழைய குடியிருப்புப் பேட்டைகளின் சிறு விளையாட்டுக் கூடங்கள் காலங்கடந்தவை என்றும் கூறும் வாதம், குறைந்தது 18,000 இருக்கைகள் கொண்ட புதிய உள்ளரங்கு கட்டப்படும் என்று 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்ட பிறகு மேலும் வலுப்பெற்றிருக்கிறது. அவ்வாதத்தில் உண்மை ஓரளவு கலந்திருப்பதாலேயே அதன் பிழை எளிதில் புலப்படுவதில்லை. ஆகவே அதன் கூறுகளைத் தனித்தனியே ஆராய்வது தேவையாகிறது.

அரங்கு பெரிதாகப் பெரிதாக விளையாட்டுக்கு அதனால் விளையும் பயனும் பெருகும் என்பது முதற்கூறு. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கென்சோ தாங்கே வடிவமைத்து, ஏறத்தாழ 90 மில்லியன் வெள்ளி செலவில் எழுப்பப்பட்டு, 1989 டிசம்பர் 31 அன்று திறக்கப்பட்ட தற்போதைய உள்ளரங்கில் சுமார் 12,000 பேர் அமரலாம். இந்த எண்ணும் வரவிருக்கும் 18,000 என்ற எண்ணும் பார்ப்போரைக் கணக்கிடுகின்றனவேயன்றி ஆடுவோரைக் கணக்கிடவில்லை. பூப்பந்துத் தளம் ஒன்றின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர், அதில் ஒரே நேரத்தில் நால்வருக்கு மேல் ஆட முடியாது. சுற்றியுள்ள இருக்கைகளில் ஆறாயிரத்தைக் கூட்டினாலும் அந்த நால்வர் ஐவராவதில்லை. ஒரு நகரின் விளையாட்டு வளத்தை இருக்கைகளைக் கொண்டு அளப்பது அளவுகோலையே மாற்றிப் பிடிப்பதாகும். இவ்வாதத்தின் பிற பிழைகள் யாவும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பல்நோக்கு அரங்கு எல்லா நோக்கங்களுக்கும் சமமாகப் பயன்படும் என்பது இரண்டாம் கூறு. இசை நிகழ்ச்சிக்கு ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருப்பதால், கூரைச் சட்டகம் எவ்வளவு எடையைத் தாங்கும் என்பதே, அதாவது அதன் தொங்குசுமைத் திறனே, அங்கு முதற்கேள்வி. பூப்பந்துக்கோ பந்தின் போக்கைத் திருப்பாத அசைவற்ற காற்றும், கண்ணைக் கூசச் செய்யாத விளக்கொளியும், அதிர்வைத் தாங்கும் தரையும் வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அரங்கை மாற்றும்போது மேடையைப் பிரிக்கவும், தரையை விரிக்கவும், தேவையின்போது இழுத்து விரித்துப் பின்னர் மடக்கி வைக்கும் நகரும் இருக்கைகளை இடம் மாற்றவும் நேரம் செலவாகிறது. அந்த நேரத்தில் அரங்கு யாருக்கும் பயன்படுவதில்லை. அண்டையிலுள்ள தேசிய விளையாட்டரங்கம் கூரையைத் திறந்து மூடும் வசதியோடு 2014இல் திறக்கப்பட்டபோது இதே நம்பிக்கையையே சுமந்து நின்றது. ஆயினும், அவ்வாண்டு அக்டோபரில் பிரேசிலும் ஜப்பானும் மோதிய காற்பந்தாட்டம் மணல் தெரியும் திடலில் நடந்ததும், அடுத்த ஆண்டே புல்தரை முழுவதும் மாற்றப்பட்டதும், நோக்கங்கள் ஒரே கூரையின்கீழ் வந்துவிடுவதாலேயே ஒன்றுக்கொன்று இணங்கிவிடுவதில்லை என்பதைத் தெளிவாகக் காட்டின.

கேளிக்கை நிகழ்ச்சிகளின் வருமானம் விளையாட்டைத் தாங்கும் என்பது மூன்றாம் கூறு. தேசிய விளையாட்டரங்கம் உள்ளிட்ட காலாங் விளையாட்டு நடுவத்தை 1.33 பில்லியன் வெள்ளியில் கட்டி, 25 ஆண்டுகள் நடத்தும் பொறுப்பு தனியார் கூட்டமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசும் தனியாரும் செலவையும் இடர்ப்பாட்டையும் பகிர்ந்துகொள்ளும் இம்முறையைப் பொது–தனியார் பங்காளித்துவம் என்பர். அதன்படி அரசு ஆண்டுதோறும் 193.7 மில்லியன் வெள்ளி செலுத்தி வந்தது. கட்டுமானச் செலவும் பராமரிப்பும் அத்தொகையில் அடங்கும் என்பது உண்மையே; ஆனால் பொதுப்பணத்தின் துணையின்றி இத்தகைய வளாகம் தன்னைத் தானே தாங்கும் என்ற எண்ணத்துக்கு இடமில்லை என்பதும் அதே அளவு உண்மை. 2016ஆம் ஆண்டு தேசிய தின அணிவகுப்புக்குத் தேசிய விளையாட்டரங்கத்தைப் பயன்படுத்தும் நாள்களையும் கட்டணத்தையும் குறித்து எழுந்த கருத்து வேறுபாடு, நாட்டின் பிறந்தநாளே நாட்காட்டியில் இடம் கேட்டுப் பேரம் பேச வேண்டியிருந்த நிலையை வெளிப்படுத்தியது. வளாகம் சமூகத்துக்கு மேலும் எளிதில் கிட்ட வேண்டும் என்பதை முக்கியக் காரணமாகக் கூறியே அரசு 2022 டிசம்பரில் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

சிறு கூடங்களால் பெரிய வரலாறு உருவாகாது என்பாரும் உளர். 1952இல் கில்லமார்ட் சாலையில் திறக்கப்பட்ட சிங்கப்பூர் பூப்பந்துக் கூடம் அவர்களுக்கு நினைவூட்டத்தக்கது. மலாயா அணி 1955இல் தாமஸ் கிண்ணத்தைத் தக்கவைத்துக்கொண்டது அங்கேதான்; 1962 பொது வாக்கெடுப்பின் வாக்குகள் எண்ணப்பட்டதும், 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு பாடியதும் அங்கேதான். பூப்பந்துக்கென எழுந்த கூடம், தேவை எழுந்தபோது பிற நோக்கங்களுக்கும் இடங்கொடுத்தது. இன்றைய பேரரங்குகளில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது.

எஞ்சியிருப்பது, வட்டாரக் கூடங்கள் தேவையற்றவை என்ற கூற்று. புக்கிட் மேராவிலுள்ள ரெட்ஹில் நிலையத்திலிருந்து காலாங் நிலையத்துக்கு ரயில் மாறாமல் எட்டு நிலையங்களே என்பதால், தொலைவு இங்கு குறையாகச் சொல்லப்படவில்லை. மூத்த குடிமக்களின் விகிதம் உயர்ந்த வட்டாரங்களுள் ஒன்றான புக்கிட் மேராவில், தியோங் பாரு சாலையிலுள்ள டெல்டா விளையாட்டு வளாகத்தின் கூடமும் நீச்சல் குளமும் வேலை முடித்து வருவோருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் அன்றாடம் கிட்டக்கூடியவை. பேரரங்கோ நுழைவுச்சீட்டு வாங்கியவருக்கு ஒரு மாலைப்பொழுது மட்டுமே கிட்டுவது. தமிழ்ச் சமூகத்தின் தேவையும் இவ்வாறே அமைந்துள்ளது. இந்தியத் திரைப்பட விருது விழா 2004இலும் 2012இலும் உள்ளரங்கில் நடைபெற்றது பெருமைக்குரியதே. ஆனால் சிலம்பப் பயிற்சி, பரதநாட்டிய அரங்கேற்றம், சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழு நடத்தும் பொங்கல் விழா ஆகியவற்றுக்கு வேண்டியவை சில நூறு இருக்கைகளும், உயர்ந்த கூரையும், தாங்கக்கூடிய வாடகையுமே. பன்னிரண்டாயிரம் இருக்கைகளுக்கு நடுவே முந்நூறு பேர் கூடும் விழா களையிழந்து போகும்.

இவற்றால் புதிய உள்ளரங்கே வேண்டாம் என்றாகாது. முப்பத்தைந்து ஆண்டுகளைக் கடந்த கட்டடம் இன்றைய மேடை அமைப்புகளுக்கும் பின்மேடைத் தேவைகளுக்கும் ஈடுகொடுக்கத் திணறும் என்பதும், வட்டார நகரங்களோடு போட்டியிடும் சிங்கப்பூர் அதைப் புறக்கணிக்க முடியாது என்பதும் ஏற்கத்தக்கவை. மறுக்கப்படுவது, ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகும் என்ற கணக்கு மட்டுமே. எனவே, முதல் வெளிநாட்டு இசைப் பயணத்துக்குத் தேதி ஒதுக்குவதற்கு முன்பே, உள்ளூர்ப் போட்டிகளுக்கும் பள்ளி விளையாட்டுகளுக்கும் உரிய நாள்கள் ஆயத்த நேரத்தோடு சேர்த்து நிருவாக ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும். டெல்டா போன்ற கூடங்களின் திறப்பு நேரமும் பராமரிப்பு நிதியும் காலாங்கின் வரவுசெலவோடு பிணைக்கப்படாமல் தனியே காக்கப்பட வேண்டும்.