கிலோமீட்டர் கம்மி என்றால் உஷார்

பழைய கார் வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழுவது எப்போதும் இந்தப் பாட்டுதான்: "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, கிலோமீட்டர் ரொம்பக் கம்மி." மாருதிக்கு அது நல்ல சான்றிதழாக இருக்கலாம். போர்ஷே பாக்ஸ்டருக்கு அதை அப்படியே நம்பிவிடக் கூடாது.

1993இல் டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரி வடிவமாக வந்த பாக்ஸ்டர், 1996இல் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் அப்போது சுமார் 40,000 டாலர். நொடித்துப்போகும் நிலையில் இருந்த போர்ஷே மீண்டெழுந்ததில் இந்தக் காருக்குப் பெரும் பங்கு உண்டு. 2004 வரை வந்த முதல் தலைமுறை வண்டி, 986 என்ற எண்ணால் அறியப்படுவது, இன்று லண்டனிலும் டொரன்டோவிலும் புதிய சிறிய கார் ஒன்றின் விலையைவிட வெகு குறைவாகவே கிடைக்கிறது. அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடமான தமிழ் இளைஞருக்குக்கூட எட்டக்கூடிய விலை. இந்தியாவில் இருப்பவருக்கு அந்தச் சபலம் இல்லை. மூன்று வயதைத் தாண்டிய பழைய காரைச் சாதாரணமாக இறக்குமதி செய்ய இங்கே விதி இடம் தராது.

இறங்கியது காரின் விலை மட்டும்தான். உதிரிபாகக் கடைக்காரருக்கு அது இன்றும் போர்ஷேதான்.

முன் மூடியைத் திறந்தால் பெட்டி வைக்கும் இடம். பின் மூடியைத் திறந்தாலும் பெட்டி வைக்கும் இடம். ஆறு சிலிண்டர் இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், துணிக்கூரைக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. ஆயில் ஊற்றும் வாயும் கூலன்ட் மூடியும் மட்டும் பின்பெட்டிக்குள் தலைகாட்டும். வாங்க வந்தவர் பானெட்டைத் தூக்கி, இன்ஜினைப் பார்த்து, ஏதோ புரிந்ததுபோல் தலையாட்டும் சடங்குக்கே வழியில்லை.

அந்த ஒளிவிடத்தில்தான் இந்த வண்டியின் பேர்போன வியாதி இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியைச் செயின்கள் வழியாக வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொண்டுசெல்ல, நடுவில் ஒரு இன்டர்மீடியட் ஷாஃப்ட் உண்டு. அதன் ஒரு முனையைத் தாங்குவது கிரீஸ் அடைத்து மூடிய ஒரு பால் பேரிங். காலம் போகப் போக மூடி தளர்ந்து இன்ஜின் ஆயில் உள்ளே புகுகிறது, கிரீஸ் கரைந்துபோகிறது. ஆரம்ப வண்டிகளில் இரட்டை வரிசைக் குண்டுகள் இருந்தன. 2000ஆம் ஆண்டு வாக்கில் அது ஒற்றை வரிசையானது. தொல்லை கூடியதும் அதன் பிறகுதான். பேரிங் உடைந்தால் செயினின் கணக்கு தப்பும், வால்வில் பிஸ்டன் போய் இடிக்கும். இன்ஜின் அதோடு முடிந்தது. மாற்று இன்ஜின் போடும் செலவில் இன்னொரு பாக்ஸ்டரையே வாங்கிவிடலாம்.

பெரும்பாலான வண்டிகளுக்கு இது வருவதே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 2001 முதல் 2005 வரையிலான மாடல்களுக்காக அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. வண்டி சாலைக்கு வந்து பத்து ஆண்டு அல்லது 1,30,000 மைல், எது முந்தியோ அதுவரைதான் இழப்பீடு. அந்தக் கெடு எல்லா வண்டிக்கும் எப்போதோ தாண்டிவிட்டது.

இந்த இன்ஜினையே நம்பிப் பிழைக்கும் மெக்கானிக்குகள் சொல்வது வாங்குகிறவரின் வழக்கமான கணக்கைத் தலைகீழாக்குகிறது. தினமும் ஓடி, சூடாகி, அடிக்கடி ஆயில் மாற்றப்பட்ட வண்டியைவிட, ஷெட்டில் போர்வை போர்த்தி நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைத்தெருவரை போய்வந்த வண்டியில்தான் பேரிங் சீக்கிரம் கெடுகிறதாம். குளிர்ந்த இன்ஜினில் சேரும் ஈரமும் மாற்றாத பழைய ஆயிலும் சேர்ந்து அரிக்கின்றன. ஆகவே "கம்மியாக ஓடியது" என்பது இங்கே பெருமை இல்லை, விசாரிக்க வேண்டிய விஷயம்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரின் காகித மடிப்பை விரித்து வெயிலில் காட்டிப் பார்ப்பார்கள். ஜிகினா தூவியதுபோல் மினுமினுத்தால் ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோவார்கள். பொடி ஒட்டிக்கொண்டால் அது இரும்பு. பேரிங்கிலிருந்து வந்ததாக இருக்கலாம். அந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

பேரிங்கை மாற்றிவிடவும் முடியும். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் மாற்றவும், இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் மாற்றவும் இறக்க வேண்டியதும் அதே கியர்பாக்ஸ்தான். எனவே விவரம் தெரிந்தவர்கள் மூன்றையும் ஒரே தடவையில் முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் அதற்கு 2,000 டாலருக்குக் குறைந்து பில் வருவது அபூர்வம். அந்த பில்லைக் கையில் வைத்திருப்பவர் விலை கொஞ்சம் கூடச் சொன்னால் கொடுத்துவிடலாம்.

மற்றவை சில்லறைத் தொல்லைகள், ஆனால் எண்ணிக்கையில் அதிகம். கூலன்ட் நிற்கும் பிளாஸ்டிக் தொட்டி பழுத்து விரிசல் விடும். முன்பக்க இரு மூலைகளிலும் உள்ள ரேடியேட்டர்களில் சருகு சேர்ந்து அரிக்கும். முன்டயர் ஒரு அளவு, பின்டயர் வேறு அளவு. மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன்செய்ய முடியாது. 2002 வரையிலான வண்டிகளில் பின்கண்ணாடி வெறும் பிளாஸ்டிக். கூரை மடியும்போது பாதியில் நிறுத்தி, இறங்கிப்போய், உள்ளங்கையின் ஓரத்தால் அந்தப் பிளாஸ்டிக்கை மெல்லத் தட்டி மடித்துவிட வேண்டும். இல்லையென்றால் கோடு விழுந்து கிழியும். பொத்தான் அழுத்திக் கூரையைத் திறக்கிறவர் கையால் தட்டிவிட்டு வருவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். கூரைநீர் வடியும் துளைகளை இலை அடைத்தால் சிரிப்பு நின்றுவிடும். தண்ணீர் காருக்குள் இறங்கி, இருக்கைக்கு அடியில் உள்ள பூட்டு, அலாரம் கட்டுப்பாட்டுப் பெட்டியை நனைக்கும். பிறகு வண்டி உரிமையாளரையே திருடனாக நினைத்து ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

இவ்வளவு வம்பு வேண்டாம் என்பவருக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1989இல் சிகாகோவில் அறிமுகமாகி, 2016இல் பத்து லட்சமாவது வண்டியைத் தொட்ட கார். முன்னால் நாலு சிலிண்டர், மூடியைத் தூக்கினால் எல்லாம் கைக்கு எட்டும். முதல் தலைமுறையில் டைமிங் பெல்ட் அறுந்தால்கூட வால்வு தப்பிவிடும். அதிலும் வடிகால் துளை அடைபட்டால் கதவுக்குக் கீழுள்ள சட்டம் துருப்பிடிக்கும். பிரிட்டனில் ஆண்டுச் சோதனையில் தோற்க அது போதும். ஓட்டுகிற சுகத்தில் பாக்ஸ்டர் ஒரு படி மேல்தான். நிம்மதியாகத் தூங்க மாஸ்டாவே மேல்.

பாக்ஸ்டர்தான் வேண்டும் என்று மனம் நின்றுவிட்டால், 40,000 மைல் ஓடி ஒரு ரசீதும் இல்லாத வண்டியை விட்டுவிட்டு, 1,20,000 மைல் ஓடிக் கட்டுக்கட்டாய் பில் வைத்திருக்கும் வண்டியை எடுங்கள். பணம் கொடுக்கும் முன், உங்கள் செலவிலேயே ஆயில் மாற்றி ஃபில்டரைப் பிரித்துப் பார்க்கக் கேளுங்கள். விற்பவர் தயங்கினால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.