யந்திரமும் இதயமும்

மனிதன் படைத்த கருவி மனிதனின் வயிற்றிலேயே அடிக்குமா? 1982ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் இசைக் கலைஞர் சங்கத்தில் இக்கேள்வி எழுந்தது. 'சிந்தசைசர்' என்னும் மின்னிசைக் கருவியைத் தடைசெய்ய வேண்டுமென்று அச்சங்கத்தின் லண்டன் கிளையொன்று தீர்மானமே கொண்டுவந்தது. வயலின்காரர் பலர் கூடிச் செய்வதை ஒருவர் தனித்திருந்து செய்துவிட்டால், மற்றவர் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்?

இக்கருவிக்குத் தந்தியில்லை, தோலுமில்லை, ஊதுவதற்குத் துளையுமில்லை. மின்சாரத்தின் அதிர்வே இதில் நாதமாகின்றது. அமெரிக்கரான றொபேட் மூக் 1964இல் இதனை உருவாக்கினார். அறையை அடைத்து நின்ற கருவி, 1970இல் 'மினிமூக்' என்ற பெயரில் மேடைக்குத் தூக்கிச் செல்லுமளவுக்குச் சிறுத்தது. ஜேர்மனியின் 'கிராஃப்ட்வேர்க்' குழுவினர் 1974இல் நெடுஞ்சாலைப் பயணத்தையே இருபத்திரண்டு நிமிட மின்னிசையாக வடித்தனர்.

இங்கிலாந்தின் கேரி நியூமன் கதை சுவையானது. கிற்றார் இசையைப் பதிவுசெய்யப் போனவர், ஒலிப்பதிவுக் கூடத்தில் யாரோ விட்டுச்சென்ற மினிமூக்கைத் தற்செயலாகத் தொட்டுப் பார்த்தார். அதன் முழக்கத்தில் மயங்கினார். 1979இல் அவரது பாட்டு அந்நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 'சிந்த் பொப்' என்னும் இசைவகை இவ்வாறு மக்களிடையே பரவலாயிற்று.

1981இல் ஷெஃபீல்ட் நகரத்து 'ஹியூமன் லீக்' குழுவினரும் அப்பட்டியலின் உச்சியை அடைந்தனர். அப்பாட்டில் தாளம் முதலாக யாவும் யந்திரமே. ஆயினும், கேட்டோரைக் கவர்ந்தது யந்திரமா? அன்று. பிரிந்துபோகும் காதலர் இருவரின் வாக்குவாதமே அப்பாட்டு. அதிற் பாடிய பெண், நடன விடுதியொன்றிலிருந்து குழுவுக்கு அழைத்துவரப்பட்ட பள்ளி மாணவி, இசைத்தொழில் அறியாதவள். அவளது எளிய குரலே மக்களின் நெஞ்சைத் தொட்டது.

1983இல் 'மிடி' என்னும் பொதுமுறை வந்தது. வெவ்வேறு நிறுவனத்தார் செய்த கருவிகளும் ஒன்றோடொன்று இணைந்து இசைக்கலாயின. காலப்போக்கில் மின்னிசை எல்லாப் பாட்டிலும் கலந்தது. தடையோ, அச்சங்கம் முழுவதற்குமான விதியாகவில்லை.

எனினும் அக்கலைஞரின் அச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. பிழைப்புக்கு அஞ்சுவது பேதைமையாகாது. இன்று கணினி தானே பாட்டுக் கட்டும் காலத்தில் அதே அச்சம் மீண்டும் எழுந்துள்ளது. கருவி மாறலாம், ஆனால், பாட்டிலே மனிதரின் சுகதுக்கம் இருக்கின்றதா என்றே நம் செவி தேடும். அத்துக்கத்தை அறிந்து பாடுவோர் பசியாதிருக்க வழிசெய்வது, கேட்டு மகிழும் நம் கடனன்றோ?